தனிப் பாடம் வேண்டாம், பாடவேளையில் எட்டு நிமிடம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் போர்டு, ஹைடெக் ஆய்வகம், ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி என்று வரும் செய்திகளை நாளிதழ்களில் தொடர்ந்து படிக்கிறோம். எத்தனை பள்ளி, எத்தனை கருவி, எவ்வளவு செலவு என்ற கணக்கெல்லாம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்தத் திரையில் வருவதை ஒரு மாணவி எப்படி எடைபோடுவது, அதை எந்தப் பாடவேளையில் யார் சொல்லித் தருவது என்ற கேள்விக்கு இடம் கிடைப்பதில்லை. கேள்வி எழுந்தாலும் வரும் பதில் இரண்டே. "ஊடக விழிப்புணர்வு" என்று ஒரு தனிப் பாடம், அல்லது ஆண்டுக்கு ஒருநாள் முகாம். தனிப் பாடத்தின் வேளையைத் தேர்வு நெருங்கும்போது கணக்கும் அறிவியலும் வாங்கிக்கொண்டு போய்விடும். முகாமில் கேட்டது அடுத்த வாரம் நினைவில் இருக்காது. நாற்பது நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில், ஏற்கெனவே நடத்தும் பாடத்துக்குள்ளேயே எட்டு நிமிடம் ஒதுக்கினால் போதும் என்பதே இக்கடிதத்தின் கோரிக்கை.

இதன் அவசரம் நம் ஊரிலேயே தெரிகிறது. 2017 பிப்ரவரியில் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஊசி வேண்டாம் என்று மறுத்த பெற்றோர் பலர். 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாகப் பரவிய புரளியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சில காணொளிகள் பரவின. அவற்றுக்கும் சொல்லப்பட்ட செய்திக்கும் சம்பந்தமில்லை என்று காவல்துறை விளக்குவதற்குள் அச்சம் பல மாநிலங்களுக்குப் போய்விட்டது.

எட்டு நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதை ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, சென்னையில் அடுத்த சில நாட்களில் 250 சென்டிமீட்டர் மழை பெய்யும், மில்லிமீட்டர் அல்ல, சென்டிமீட்டர்தான், இதைச் சொன்னது நாசா என்று ஒரு செய்தி சுற்றியது. மழைப்பொழிவு பற்றிய புவியியல் பாடத்திலோ, அலகு மாற்றம் பற்றிய கணக்குப் பாடத்திலோ இதை அப்படியே வைக்கலாம். கணினி வேண்டாம். ஒரு ஏ4 தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கரும்பலகையில் ஒட்டினால் போதும். தாளின் குறுக்கே "சரிபார்ப்புக்காக" என்று தடித்த சிவப்பு எழுத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது அதைப் படமெடுத்து அனுப்ப, நீங்கள் அடக்க நினைத்த புரளி பள்ளியின் பெயரோடு மறுபடி கிளம்பும்.

முதல் நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொருவரும் நோட்டில் "நம்புகிறேன்", "நம்பவில்லை", "பார்க்க வேண்டும்" என்ற மூன்றில் ஒன்றையும் அதற்கு ஒரு வரிக் காரணத்தையும் எழுதட்டும். கை தூக்கச் சொன்னால் முன்வரிசையில் இருப்பவர் எந்தப் பக்கமோ வகுப்பே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அடுத்த இரண்டு நிமிடம் செய்தியைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். யார் சொன்னது, எவ்வளவு, எங்கே, எப்போது என்று கரும்பலகையில் நான்கு கட்டம். ஒரு செய்தி முழுவதையும் உண்மையா பொய்யா என்று கேட்பதுதான் வகுப்பில் பெரும்பாலும் நடக்கும் முதல் தவறு. சரிபார்க்க முடிவது துண்டை மட்டுமே.

பிறகு மூன்று நிமிடம் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 250 செ.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 2,500 லிட்டர். ஆறு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம் உள்ள வகுப்பறையின் கூரையில் மட்டும் 90,000 லிட்டர் விழும், அதாவது 9,000 லிட்டர் தண்ணீர் லாரி பத்து. சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 140 செ.மீ. அந்த வெள்ளத்தில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. நகரத்தை மூழ்கடித்த மழையே இவ்வளவுதான் என்றால் 250 என்ற எண் எங்கே நிற்கிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இங்கே ஆசிரியர் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். "உலகத்தில் எங்கேயும் இப்படிப் பெய்யாது" என்று ஒரு மாணவன் முடித்தால் அதுவும் தவறு. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் மலைச் சரிவில் 1966-ல் ஒரே நாளில் 182.5 செ.மீ. மழை பதிவாகியிருக்கிறது. 2007-ல் அதே தீவில் மூன்று நாளில் பெய்தது 390 செ.மீ.க்கும் மேல். உயரமான மலை, அதன்மேல் மோதும் புயல் என்ற இரண்டும் சேர்ந்த இடம் அது. சமவெளியில் கடலோரம் இருக்கும் சென்னைக்கு அந்த நிலைமை இல்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லும்போது மாணவர் சரிபார்ப்பையும் படிக்கிறார், மலைத்தடை மழையையும் படிக்கிறார். பாடம் இதனால் தாமதமாகவில்லை, முன்னேதான் போயிருக்கிறது.

கடைசி இரண்டு நிமிடம் தீர்ப்பு. சரி, தவறு, பாதி சரி, இப்போது சொல்ல முடியாது என்ற நான்கு சொற்களில் ஒன்றைத்தான் பயன்படுத்த வேண்டும். நான்காவதை எழுதுகிறவருக்கு முழு மதிப்பெண் தர ஆசிரியர் தயங்கக் கூடாது. அது சோம்பேறியின் பதில் ஆகிவிடாமல் இருக்க, "எது கிடைத்தால் சொல்ல முடியும்?" என்று ஒரு வரி கூடுதலாகக் கேட்டால் போதும். முடித்ததும் தவறான வரியை அடித்துவிட்டுச் சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். தாளைச் சுவரில் விட்டுவிடாதீர்கள். பத்து நாள் கண்ணில் பட்டால் நினைவில் தங்குவது 250 என்ற எண்தான், அடித்த கோடு அல்ல.

இப்போது "யார் சொன்னது" என்ற கட்டத்துக்கு வருவோம். சென்னைக்கு மழை முன்னறிவிப்புச் சொல்லும் பொறுப்பு இந்திய வானிலை ஆய்வுத் துறையுடையது. அதன் மண்டல மையம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. சுனாமி எச்சரிக்கை என்றால் ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையம். எந்தச் செய்திக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்ற பட்டியல் ஒன்றை ஆறாம் வகுப்பிலிருந்தே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வளர்த்து வந்தால், பத்தாம் வகுப்பு முடிவதற்குள் முப்பது நாற்பது வரிகள் சேர்ந்துவிடும். மழை, தேர்வு அட்டவணை, தடுப்பூசி, ரேஷன், உதவித்தொகை என்று வீட்டுக்கும் அது உதவும்.

இணையத்துக்குப் போகும்போது ஒரு பழைய முறையைக் கைவிட வேண்டியிருக்கிறது. தளத்தின் வடிவமைப்பு நன்றாக இருக்கிறதா, தேதி இருக்கிறதா, "எங்களைப் பற்றி" பக்கம் இருக்கிறதா, எழுத்துப்பிழை உண்டா என்று அந்தத் தளத்துக்குள்ளேயே சுற்றிப் பார்த்து மதிப்பெண் போடும் பட்டியல்கள் பல பயிற்சிகளில் இன்னமும் தரப்படுகின்றன. பொய் சொல்ல நினைப்பவர் இவை அனைத்தையும் ஒரே நாளில் செய்துவிட முடியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றாய்வாளர் 10 பேர், மாணவர் 25 பேர், செய்தி சரிபார்ப்பவர் 10 பேரிடம் ஒரே தளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். படித்த பேராசிரியர்களும் மாணவர்களும் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் போய், சின்னத்தையும் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்களோ சில விநாடிகளிலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். புதிதாகக் கடைவைத்தவரைப் பற்றி அவரிடமே கேட்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் நம் வழக்கம்தான் இது. பிள்ளைகளுக்குச் சொல்லவும் எளிது.

கூடவே இன்னொரு சிறு பழக்கம். தேடல் முடிவுகள் வந்ததும் முப்பது விநாடி எதையும் சொடுக்கக் கூடாது. பத்துத் தலைப்புகளையும் அவற்றின் கீழுள்ள முகவரிகளையும் படித்து, விளம்பரம் எது என்று தள்ளிவிட்டு, பிறகு எதைத் திறப்பது என்று முடிவு செய்ய வேண்டும். முதலில் வந்ததே சிறந்தது என்ற நம்பிக்கையை உடைக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

தமிழில் தேடுவதற்கென்று சில சிக்கல்கள் உண்டு. அவற்றை எந்தக் கையேடும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். முதலாவது, வேற்றுமை உருபு. "வெள்ளத்தில்" என்று தட்டினால் வருவதும் "வெள்ளம்" என்று தட்டினால் வருவதும் ஒன்றாக இருப்பதில்லை. மாணவர் தேர்வுக் கேள்வியை முழு வாக்கியமாக அப்படியே தட்டுவார். பெயர்ச்சொற்களை மட்டும் உருபு நீக்கி எழுதச் சொல்ல வேண்டும். இது இலக்கணப் பாடத்துக்கே நல்ல பயிற்சி. இரண்டாவது, கடன்சொல்லின் எழுத்து. ஃபேஸ்புக், பேஸ்புக், முகநூல் மூன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். மூன்றாவது, எழுத்துரு. பழைய அரசாணைகளும் சுற்றறிக்கைகளும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சாகிப் பிடிஎஃப் ஆனவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்கு அது தமிழே இல்லை. கன்ட்ரோல்-எஃப் அழுத்தித் தேடினால் "இல்லை" என்றுதான் வரும். "அரசாணையில் அப்படி ஒன்றும் இல்லை" என்று மாணவர் எழுதிவிடுவார். ஒரு வரியை நகலெடுத்து வேறொரு பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். குழப்பமான எழுத்துகள் வந்தால், அந்தக் கோப்பைக் கண்ணால்தான் படிக்க வேண்டும் என்று பொருள்.

நான்காவது, சந்தி. பாரதியார் சொன்னதாக வாரம் ஒரு புதிய வரி பரவுகிறது. அவருடைய கவிதைகள் 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் முழுமையாக, இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழாசிரியர் ஒருமுறை பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையமே வேண்டாம். ஆனால் வரி முழுவதையும் தட்டித் தேடினால் உண்மையான பாரதி வரிகூட அகப்படாது. பதிப்புக்குப் பதிப்பு சொல் பிரிப்பும் ஒற்று மிகுதலும் மாறும். சந்தி சேராத இரண்டு சொற்களை மட்டும் தேர்ந்து தேட வேண்டும். எந்த இரண்டு சொல் என்று தேர்ந்தெடுப்பதே புணர்ச்சி விதிக்கான பயிற்சி. அகப்படவில்லை என்றால் தீர்ப்பு "பாரதி எழுதவில்லை" என்று இருக்கக் கூடாது. "இந்தத் தொகுப்பில் இல்லை" என்பதே சரி. அவர் உரைநடையும் நிறைய எழுதியிருக்கிறார்.

தமிழ்த் தளங்களில் இன்னொரு கண்ணி. மூன்று தளங்களில் ஒரே தகவல் இருந்தால் மூன்று சாட்சி என்று மாணவர் எண்ணுவார். ஒன்றை மற்ற இரண்டும் வெட்டி ஒட்டியிருந்தால் சாட்சி ஒன்றுதான். வாக்கியம் ஒன்றாக இருக்கிறதா, குறிப்பாக ஒரே எழுத்துப்பிழை மூன்றிலும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிழைதான் இங்கே தடயம். தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்தால் கட்டுரையோடு நிற்காமல் அடியில் உள்ள மேற்கோள்களுக்கும், மேலே "வரலாற்றைக் காட்டவும்" என்ற பகுதிக்கும் போகப் பழக்க வேண்டும். விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்று தடுப்பதைவிட, அதை அடுத்த கதவுக்குப் போகும் வாசலாகக் காட்டுவது நல்லது.

படங்களுக்கு வருவோம். அதே 2015 வெள்ளத்தில் சென்னை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று செய்தி பரவியது. எதுவும் தப்பவில்லை என்று பண்ணை மறுத்தது. இப்படி ஒரு படம் வந்தால் ஆசிரியர் தன் கைப்பேசியில் சேமித்து, கூகுள் லென்ஸில் திறந்து, திரையில் காட்டலாம். மாணவரிடம் கைப்பேசி தேவையில்லை. லென்ஸ் ஏமாற்றும் இடங்கள் மூன்று. ஒன்று, அதே படத்தைக் காட்டாமல் அதைப் போன்ற படங்களைக் காட்டி நிற்கும். இரண்டு, சுற்றிலும் வாசகம், சட்டகம், பூப்போட்ட ஓரம் இருந்தால் அதைத்தான் தேடும். படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டித் தேட வேண்டும். மூன்று, இடவலம் திருப்பப்பட்ட படம். கடைப் பலகையில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் திருப்பிவிட்டுத் தேடுங்கள். டின்ஐ தளத்தில் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். சொல்லப்படும் தேதிக்கு முன்பே அந்தப் படம் வெளிவந்திருந்தால் வேலை முடிந்தது. காணொளி என்றால் மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி ஒவ்வொன்றையும் படமாகத் தேட வேண்டும்.

படம் உண்மை, சொன்ன காரணம் பொய் என்ற வகையை மறக்கவே கூடாது. 1981-ல் ஏவப்பட்ட இந்தியாவின் ஆப்பிள் செயற்கைக்கோளை மாட்டுவண்டியில் வைத்திருக்கும் படம் எல்லாருக்கும் தெரியும். ஏழ்மையால் வண்டி வாங்க முடியாமல் இப்படிக் கொண்டுபோனார்கள் என்று அதன் கீழே எழுதிப் பரப்புவார்கள். படம் மெய்யானது. ஆனால் அலைவாங்கியை (ஆன்டெனா) சோதிக்கச் சுற்றிலும் உலோகம் இல்லாத மேடை தேவைப்பட்டது, மரவண்டி அதற்குப் பொருந்தியது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்காந்த அலை நடத்தும்போது இந்தப் படத்துக்கு எட்டு நிமிடம் கொடுத்தால் உலோகம் அலையை என்ன செய்யும் என்ற பகுதியை மாணவர் மறக்க மாட்டார். கேரளத்தின் தும்பா ஏவுதளத்தில் ராக்கெட்டின் முனைப்பகுதியை மிதிவண்டியில் கொண்டுபோகும் படமும் உண்மையே. நம்ப முடியாதது போல் இருந்தும் உண்மையான செய்திகளை இப்படித் தேடி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் வைக்கும் மூன்று செய்திகளில் ஒன்றாவது உண்மையாக இருக்க வேண்டும். எப்போதும் பொய்யையே காட்டினால், "எல்லாமே பொய் சார்" என்று சொல்லப் பழகிவிடுவார்கள். அது ஏமாளித்தனத்தைவிட மோசமான இடம். தடுப்பூசி பற்றி மருத்துவர் சொல்வதையும் அவர்கள் அதே கையால் தள்ளிவிடுவார்கள்.

பக்தி சார்ந்த செய்திகளைத் தொடலாமா என்று ஆசிரியர்கள் தயங்குவது புரிகிறது. நம்பிக்கையைத் தொட வேண்டாம், அளக்கக்கூடிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சிதம்பரம், காளஹஸ்தி, காஞ்சிபுரம் மூன்று கோயில்களும் 79 பாகை 41 கலை தீர்க்கரேகையில் நேர்க்கோட்டில் உள்ளன, சிதம்பரம்தான் பூமியின் காந்தப் புலத்தின் மையம் என்ற செய்தியைப் பார்க்காத குடும்பமே இருக்காது. ஒன்பதாம் வகுப்பு நிலவரைபடப் பாடத்துக்கு இது பொருத்தமானது. கூகுள் எர்த்தில் மூன்று இடங்களையும் குறித்தால், கிழக்கு மேற்கு வேறுபாடு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தப் பகுதி சரி. ஐந்து பஞ்சபூதத் தலங்களும் ஒரே கோட்டில் என்று சில வடிவங்கள் நீட்டும். திருவண்ணாமலை 79.1 பாகைக்கு அருகில், திருவானைக்காவல் 78.7 பாகைக்கு அருகில். அந்தப் பகுதி தவறு. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963-ல் முதல் ராக்கெட் ஏவுவதற்குத் தும்பாவைத் தேர்ந்ததே அதனால்தான். சிதம்பரம் அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. ஆக, தீர்ப்பு "பாதி சரி". கோயிலின் பெருமைக்கு இதில் குறைவு ஒன்றும் வரவில்லை. இங்கே மாணவர் வழக்கமாகச் செய்யும் தவறு, 79 பாகை 41 கலையை 79.41 என்று தட்டிவிடுவது. ஒரு பாகைக்கு அறுபது கலை, எனவே 41 கலை என்பது 0.683. தவறாகத் தட்டியவர் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் மேற்கே போய் நின்று, செய்தி முழுவதும் பொய் என்று எழுதிவிடுவார். இந்தத் தவறு நடக்கட்டும் என்று விட்டு, பிறகு ஏன் என்று கேட்பது நல்லது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை வீட்டில் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். தேடல் பக்கத்தின் உச்சியிலேயே அதன் சுருக்கமும் வருகிறது. வகுப்பில் மாணவர் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டாம். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. ஆசிரியரே ஒரு கேள்வி கேட்டு, வந்த பதிலை அச்சிட்டு, எட்டுப் பத்து வாக்கியங்களைக் கொடுக்கலாம். சரிபார்க்கக்கூடிய ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போட வேண்டும் என்பதே முதல் வேலை. ஆண்டு, பெயர், எண், பாடல் அடி, நூற்பெயர் ஆகிய இவற்றில்தான் பிழை ஒளிந்திருக்கும், நடையில் இருக்காது. திருக்குறள் என்றால் நூல் இல்லாமலே ஒரு சோதனை உண்டு. குறள் எண்ணின் கடைசி இலக்கத்தை நீக்கி ஒன்று கூட்டினால் அதிகார எண். 391 என்றால் 40, கல்வி. பூச்சியத்தில் முடிந்தால் மட்டும் கூட்ட வேண்டாம். கல்வி அதிகாரத்தில் 215-ஆம் குறள் என்று செயலி சொன்னால், 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல் ஆயிற்றே என்று ஏழாம் வகுப்பு மாணவி பிடித்துவிடுவார்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஹைடெக் ஆய்வகத்தில் பத்து அல்லது இருபது கணினி, வகுப்பில் நாற்பது பேர். ஒரு கணினிக்கு நால்வர் அமர்ந்தால் சுட்டி தெரிந்தவர் கையிலேயே தங்கிவிடும். தட்டுபவர் முடிவு சொல்லக் கூடாது, முடிவு சொல்பவர் தட்டக் கூடாது என்ற ஒரே விதி அதைச் சரிசெய்யும். ஒவ்வொரு கேள்விக்கும் இடம் மாற வேண்டும். இணையம் எப்போதும் இருக்கும் என்று எண்ணிப் பாடம் திட்டமிடாதீர்கள். தேவையான நான்கு பக்கங்களை முந்தின நாளே பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவை, இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலி மூலம் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் திருத்த வரலாறு அதில் வராது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) அறிவியல் பாவனைச் செயல்பாடுகள் பல தமிழிலும் உள்ளன, பதிவிறக்கினால் இணையமின்றி ஓடும். பாவனையையும் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். உராய்வை எங்கே விட்டுவிட்டார்கள், அளவு விகிதம் சரியா என்று தேடுவதும் தகவலை எடைபோடுவதுதான்.

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் (க்யூஆர்) குறியீடுகளும் இணையச் செயல்பாடுகளும் இடம்பெற்றது பாராட்டுக்குரிய முயற்சி. ஃபிளாஷ் மென்பொருள் 2020 இறுதியோடு நிறுத்தப்பட்ட பிறகு, அதை நம்பிச் செய்யப்பட்ட எந்தச் செயல்பாடும் உலாவியில் திறக்காது. அப்படி ஒன்று திறக்காதபோது மாணவர் அந்தத் தலைப்பைத் தேடலில் தட்டி, முதலில் வருவதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆண்டுதோறும் மே மாதத்தில் இந்த இணைப்புகளை ஒருமுறை திறந்து பார்த்துச் செத்தவற்றை மாற்றுவது ஒரு சிறு குழுவின் சில நாள் வேலை.

மதிப்பெண் இல்லாத எதுவும் நம் பள்ளிகளில் நிலைக்காது என்பதை ஒப்புக்கொண்டே கேட்கிறோம். வளரறி மதிப்பீட்டின் செயல்பாடுகளில் ஒன்று ஒவ்வொரு பருவத்திலும் சரிபார்ப்புச் செயல்பாடாக இருக்கட்டும். பத்து மதிப்பெண்ணைப் பிரிப்பது எளிது. செய்தியைத் துண்டாக்கியதற்கு இரண்டு, ஒன்றையொன்று நகலெடுக்காத இரண்டு மூலங்களைக் காட்டியதற்கு நான்கு, தீர்ப்புக்கு ஒன்று, அந்தத் தீர்ப்பில் எவ்வளவு உறுதி, ஏன் என்று எழுதியதற்கு மூன்று. தீர்ப்புக்கு ஒன்றே ஒன்று என்பது வேண்டுமென்றே வைத்தது. விடையைப் பக்கத்து நோட்டில் பார்த்து எழுதலாம், வழியை எழுத முடியாது. மேல்நிலை வகுப்புகளில் அகமதிப்பீட்டின் ஒப்படைவுக்கும் இதையே கேட்கலாம். கேரளத்தில் கண்ணூர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் 2018-ல் பொய்ச்செய்தியை அறியும் வகுப்புகள் நடந்தன. அங்கே தொடங்க முடிந்தது இங்கே முடியாதென்று இல்லை.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் ஆசிரியர் கையேடுகளைத் திருத்தும்போது, ஒவ்வொரு பாட அலகின் முடிவிலும் அந்தப் பாடத்துக்குப் பொருந்தும் ஒரு செய்தி, அதைச் சரிபார்க்கும் இரண்டு இடம், மாணவர் செய்யக்கூடிய ஒரு தவறு என்ற மூன்றையும் அரைப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். ஹைடெக் ஆய்வகத்தின் கால அட்டவணையில் பாட ஆசிரியர்களுக்கென வாரம் இரண்டு வேளையை, இணையவழித் தேர்வுகளுக்கோ பதிவேற்றப் பணிகளுக்கோ விட்டுக்கொடுக்காமல், தலைமையாசிரியர்கள் ஒதுக்கிவைக்க வேண்டும். புதிய கல்வியாண்டின் கையேடுகள் அச்சுக்குப் போவதற்கு முன் துறையின் கவனத்துக்கு இதைத் தங்கள் இதழ் கொண்டுசெல்ல வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்